அத்தியாயம் 7: பிரேக்கைத் தராசில் வைப்போம்

புது டிஸ்க் வாங்க நினைப்பவர் உதிரிபாகக் கடைக்கு முன்னால் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. நல்ல தராசு அங்கேதான் இருக்கிறது.

என் காரின் முன் சக்கரத்திலிருந்து கழற்றிய தேய்ந்த டிஸ்க்கையும், அதே அளவில் வாங்கிய புது டிஸ்க்கையும் ஒரே சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு ஒரு நாள் காலையில் அப்படிப் போனேன். 280 மி.மீ. விட்டம், 22 மி.மீ. தடிமன், நடுவில் காற்றுப் போக வழி விட்ட வார்ப்பிரும்பு. புதியது 6 கிலோ 180 கிராம் காட்டியது. பழையது 5 கிலோ 660. கடைக்காரர் பழையதை எடைக்குப் போடப்போகிறேனா என்று கேட்டார். என் கவனமெல்லாம் நடுவில் காணாமல்போன 520 கிராமில் இருந்தது. பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் தேய்ந்ததில், அரைக் கிலோவுக்கு மேல் இரும்பு திண்டுக்கல் ரோட்டிலும் கொடைக்கானல் மலையிலும் தூளாக உதிர்ந்திருக்கிறது.

இந்தத் தேய்ந்த டிஸ்க் புதியதைவிட எடை குறைந்தது. எடை குறைந்தால் கார் துள்ளும், அதனால் இது மேம்பாடு என்று யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். ஆனால் அதே ஆட்கள் ஓட்டை போட்ட டிஸ்க்கை 'வெயிட் கம்மி' என்று சொல்லி இரண்டு மடங்கு விலைக்கு வாங்குகிறார்கள். பிரேக்கில் எடை என்பது என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளாமல் பணம் செலவழிக்கக் கூடாது. இந்த அத்தியாயம் அதற்காகத்தான்.

டிஸ்க் என்பது வெப்பம் ஊற்றி வைக்கும் பாத்திரம். கார் ஓடும்போது அதனிடம் இருக்கும் சக்தி முழுவதையும் பேடும் டிஸ்க்கும் உரசி வெப்பமாக்குகின்றன. அந்த வெப்பத்தை முதலில் டிஸ்க் வாங்கிக்கொள்கிறது, பிறகு மெல்லக் காற்றில் விடுகிறது. பாத்திரம் சிறியதாக இருந்தால் சீக்கிரம் நிரம்பும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,250 கிலோ கார், உள்ளே இரண்டு பேர், ஆக 1,400 கிலோ. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இதன் இயக்க ஆற்றல் சுமார் 5 லட்சத்து 40 ஆயிரம் ஜூல். நிறுத்தும்போது எடை முன்னால் சாய்வதால் முக்கால் பங்கு வேலை முன் சக்கரங்களுக்கு. ஒரு முன் டிஸ்க்குக்கு ஏறத்தாழ 2 லட்சம் ஜூல். ஒரு கிலோ வார்ப்பிரும்பை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 480 ஜூல் போதும். ஆறு கிலோ டிஸ்க் ஒரே நிறுத்தத்தில் 70 டிகிரி ஏறிவிடும். 120 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆற்றல் 44 சதவீதம் கூடும், டிஸ்க் 100 டிகிரி ஏறும்.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் இது பெரிய விஷயமே அல்ல. கப்பலூரிலிருந்து விருதுநகர் வரை 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போனால், ஒரு தடவை அழுத்திப் பிடித்த பிறகு அடுத்த தடவை பிடிக்கப் பல நிமிடம் ஆகும். அதற்குள் டிஸ்க் ஆறிவிடும். நம் கம்பெனி பிரேக்குக்கு இந்தச் சாலை ஒரு பொருட்டல்ல.

மலைதான் வேறு. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். வத்தலக்குண்டு பக்கம் இறங்கினால் 1,800 மீட்டர் உயரத்தைக் கரைக்க வேண்டும். அதே 1,400 கிலோ காருக்கு அது இரண்டரைக் கோடி ஜூல். 100 கி.மீ. வேகத்திலிருந்து 45 தடவை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். இதில் ஏறக்குறைய பத்தில் நான்கு பங்கை டயரின் உருளல் தடையும் காற்றும் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜினும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எவ்வளவு எதற்கு என்பதை உங்கள் இடது கை தீர்மானிக்கிறது. ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பஸ் டிரைவர்கள் சொல்வது இந்தக் கணக்கைத்தான். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் மேனுவல் நிலைக்கு மாற்றி இரண்டாவது, மூன்றாவது கியரில் வைத்து இறங்க வேண்டும். 'டி'-யில் விட்டு இறங்குவது முழுப் பாரத்தையும் பேடின் தலையில் கட்டுவது.

டம் டம் பாறையில் எனக்கு நடந்தது

எனக்கு இது படித்து வந்த அறிவல்ல. சில ஆண்டுகளுக்கு முன் முன் சக்கரங்களுக்குப் பள்ளம் வெட்டிய டிஸ்க் போட்டிருந்தேன். அதற்குக் கணிசமாகச் செலவழித்திருந்தேன். அந்த நம்பிக்கையில் கொடைக்கானலிலிருந்து வேகமாக இறங்கினேன். பெருமாள்மலை தாண்டி டம் டம் பாறை வரை பெடல் கல் மாதிரி இருந்தது. தலையாறு அருவி தெரியும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, பத்து நிமிடம் நின்றோம். கிளம்பி முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் மிதித்தால் பெடல் தரைக்குப் போனது. இரண்டு தடவை விட்டு விட்டு மிதித்ததில் பாதி திரும்பி வந்தது. இரண்டாவது கியருக்கு இறக்கி, மலைச்சுவர் பக்கம் ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து நிறுத்தினேன். பின்னால் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் எங்கள் பகுதியில் உள்ள மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். டிஸ்க்கை அவர் பார்க்கவே இல்லை.

"தம்பி, பிரேக் ஆயில் என்னைக்கு மாத்துனீங்க?"

"மாத்துன ஞாபகம் இல்லண்ணே. லெவல் சரியாத்தான் இருக்கு."

காலிப்பரின் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தார். கடுங்காப்பி நிறத்தில் வந்தது, நடுநடுவே நுரையோடு.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அந்த அளவுகோல் 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3-க்கு இதே எண்கள் 205, 140. டாட் 5.1-க்கு 260, 180. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் பெடல் கீழே போகிறது. ஓடும்வரை காற்று வந்து ஆற்றிக்கொண்டிருந்தது. நின்றதும் டிஸ்க்கின் சூடு பேடு வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டன் வழியாக ஆயிலுக்கும் ஏறியது. ஓடும்போது தாங்கிய பிரேக் நின்று எடுத்தபோது கைவிட்டதற்குக் காரணம் அதுதான். மலை இறங்கி நிற்பதாக இருந்தால் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி டிஸ்க்கை ஆற விட்டு நில்லுங்கள். நின்றதும் சமமான இடத்தில் கியர் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துப் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

ஆகவே பட்டியலில் முதல் செலவு ஆயில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் வெளியேற்றிப் புதிதாக ஊற்றுவதற்கு, கூலியோடு சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும். கூடும் எடை ஒரு கிராம்கூட இல்லை. டாட் 4 ஓடும் காரில் டாட் 5.1 ஊற்றலாம். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் டாட் 5 என்பது சிலிக்கான் வகை, அதை இதனோடு கலக்கவே கூடாது. கடையில் கேட்கும்போது அந்தப் புள்ளி ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். பாட்டில் திறந்து பாதி மிச்சம் இருந்தால் அடுத்த வருடத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். ஷெல்ஃபில் இருக்கும்போதே அது ஈரம் குடிக்கும்.

பேடு: எடையில்லாத மேம்பாடு

பேடின் முதுகில் எண்களோடு இரண்டு எழுத்துகள் அச்சிட்டிருக்கும். எஃப்எஃப், ஜிஜி, எஃப்ஜி என்று இருக்கலாம். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது நல்ல சூட்டில் எவ்வளவு என்பது. இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. முதல் எழுத்தைவிட இரண்டாவது எழுத்து கீழே இறங்கியிருந்தால் அந்தப் பேடு சூட்டில் தளரும். மலைக்கு அதை வாங்காதீர்கள். கடைக்காரர் டப்பாவைத்தான் காட்டுவார். பிரித்துப் பேடின் முதுகைக் காட்டச் சொல்லுங்கள்.

பிரேக் தொழிலில் நம் ஊருக்கு ஒரு சொந்தம் உண்டு. 1911-இல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனத்தின் குடும்பத்திலிருந்துதான், இங்கிலாந்தின் கர்லிங் பிரேக் தொழில்நுட்பத்தோடு, சென்னை பாடியில் 1962-இல் பிரேக்ஸ் இந்தியா எழுந்தது. ரானே குழுமமும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் அதே சென்னைத் தொழில் வட்டாரத்தைச் சேர்ந்தவை. இந்தியாவில் ஓடும் பல கார்களுக்குத் தொழிற்சாலையிலேயே பிரேக் கொடுப்பவர்கள் இவர்கள். வெளிநாட்டுப் பெயர் இருந்தால்தான் பேடு பிடிக்கும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரு ஜோடி முன் சக்கரத்துக்கு உள்நாட்டு நல்ல பேடு இரண்டாயிரத்தை ஒட்டி வரும். இபிசி, ஃபெரோடோ மாதிரியான இறக்குமதிப் பேடு எட்டாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை போகும். மாதம் ஒருமுறை மலை ஏறுகிறவருக்கு அந்த விலை பொருந்தும். எடை வித்தியாசம் நூறு, இருநூறு கிராமுக்குள்.

ரேஸ் பேடு வேண்டவே வேண்டாம். உசிலம்பட்டி ரோட்டில் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி இருபது நிமிடம் பிரேக் தொடாமல் போகிறீர்கள். புளியமரத்து மறைவிலிருந்து ஆட்டு மந்தை இறங்குகிறது. அந்த நேரத்தில் டிஸ்க் பச்சைத் தண்ணீர் மாதிரி ஆறிக் கிடக்கும். ரேஸ் பேடு பல நூறு டிகிரிச் சூட்டில்தான் கடிக்கும். முதல் மிதிப்பிலேயே பிடிக்கும் பேடு சமவெளிக்கு வேண்டும். இதை நான் விருப்பு வெறுப்பாகச் சொல்லவில்லை, நம் சாலை அப்படி.

டயரைத் தாண்டி பிரேக் இல்லை

ஒரு சோதனை செய்யுங்கள். ஆளில்லாத நேரான சாலையில், பின்னால் வண்டி இல்லாத நேரத்தில், 60 கி.மீ. வேகத்திலிருந்து பெடலை முழு பலத்தோடு மிதியுங்கள். ஏபிஎஸ் காலுக்கடியில் துடித்தால், உங்கள் பிரேக் டயரைவிட வலுவானது என்று அர்த்தம். அதற்கு மேல் ஆறு பிஸ்டன் காலிப்பர் போட்டாலும் அந்த ஒரு நிறுத்தத்தின் தூரம் ஒரு அடிகூடக் குறையாது. 100 கி.மீ. வேகத்தில் டயரின் பிடிப்பு 0.8 என்றால் நிற்க 49 மீட்டர் வேண்டும், 0.9 என்றால் 44 மீட்டர். அந்த ஐந்து மீட்டர் ஒரு காரின் நீளத்துக்கு மேல். நல்ல டயர் வாங்கிய காசு அதைக் கொடுக்கும். அறுவடைக் காலத்தில் மேலூர்ப் பக்கம் ரோட்டிலேயே வைக்கோலையும் தானியத்தையும் பரப்பியிருப்பார்கள். அதன் மேல் எந்தக் காலிப்பரும் உதவாது, வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

பெரிய டிஸ்க், பெரிய சக்கரம்

டயரும் பேடும் ஆயிலும் சரியாக இருந்தும், மலை இறக்கத்தில் பிரேக் தளர்ந்தால், அப்போதுதான் பாத்திரத்தைப் பெரிதாக்கும் யோசனைக்கு வர வேண்டும். 280-லிருந்து 312 மி.மீ. விட்டம், 25 மி.மீ. தடிமனுக்கு மாறுவதாக வைத்துக்கொள்வோம். அதே கார்க் குடும்பத்தின் மூத்த மாடலில் உள்ள டிஸ்க்கையும் காலிப்பர் தாங்கியையும் எடுத்துப் பொருத்துவது இந்த வட்டாரத்தில் பலர் செய்யும் வழி. ஒரு டிஸ்க் எட்டு கிலோவைத் தாண்டும். பக்கத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் கூடுகிறது. பிடிக்கும் ஆரம் பதின்மூன்று சதவீதம் அளவுக்கு நீளும், அதே மிதிப்புக்கு அவ்வளவு கூடுதல் வலு. வெப்பப் பாத்திரம் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். முப்பதாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் செலவில் கிடைக்கும் இந்த மாற்றத்தை நான் மதிக்கிறேன். இரண்டு கிலோவுக்கு வருத்தப்பட வேண்டியதில்லை. அந்த இரண்டு கிலோதான் நீங்கள் வாங்கிய சரக்கு.

செலவு ஒளிந்திருக்கும் இடம் வேறு. 312-க்குப் பெரும்பாலும் 16 அங்குலச் சக்கரம் வேண்டும், 340-ஐத் தாண்டினால் 17 அல்லது 18. பெரிய அலாயும் டயரும் சேர்ந்து சக்கரத்துக்கு இரண்டு மூன்று கிலோ கூடும். நான்கு சக்கரத்துக்குப் பத்து கிலோ. அந்த எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 'சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் உடம்பில் நாலு கிலோ குறைத்த மாதிரி' என்று கடைகளில் சொல்வார்கள். முடுக்கத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. டிஸ்க்கின் எடை மையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், அதில் ஒரு கிலோ முடுக்கத்துக்கு 1.1 கிலோவாகத்தான் தெரியும். டயரின் ஓரத்தில் உள்ள ஒரு கிலோ ஏறக்குறைய 1.9 கிலோவாகத் தெரியும். ஆகவே டிஸ்க்கில் இரண்டு கிலோ மிச்சம் பிடித்துவிட்டு, அதை மூடப் பெரிய சக்கரம் போட்டால், கணக்கில் நஷ்டம். பள்ளத்தில் சக்கரம் துள்ளுவதற்கு எல்லா எடையும் ஒன்றுதான். அந்த இடத்தில் டிஸ்க்கும் சக்கரமும் சம குற்றவாளிகள். வாங்கும் முன் வட்டமாக வெட்டிய அட்டை ஒன்றைப் புது டிஸ்க், காலிப்பர் அளவுக்குச் செய்து, இப்போதுள்ள அலாய்க்குள் வைத்துப் பாருங்கள். அந்த அரை மணி நேரம் ஐம்பதாயிரத்தைக் காப்பாற்றும்.

நான்கு பிஸ்டன் என்ற மந்திரம்

சிவப்பு வண்ணம் பூசிய நான்கு பிஸ்டன் காலிப்பரைப் பார்த்தால் எனக்கும் மனம் போகும். ஆனால் எண்ணை நம்ப வேண்டும். சாதாரண நழுவும் காலிப்பரில் 54 மி.மீ. பிஸ்டன் ஒன்று இருந்தால் அதன் பரப்பு 22.9 சதுர செ.மீ. நான்கு பிஸ்டன் காலிப்பரில் ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும், எதிர்ப் பக்கம் அதற்குப் பதில் அழுத்துகிறது. 38 மி.மீ. பிஸ்டன் இரண்டின் பரப்பு 22.7. ஆக, பிடிக்கும் பலம் ஒன்றேதான். கிடைப்பது வேறு: பேடு சீராகத் தேயும், பெடலின் உணர்வு இறுகும், அலுமினியம் என்பதால் எடை இறங்கும். தாங்கியோடு சேர்ந்து ஐந்து ஐந்தரைக் கிலோ வரும் வார்ப்பிரும்புக் காலிப்பருக்குப் பதில் மூன்று கிலோ.

பிஸ்டன் பரப்பு கம்பெனியைவிட மிகவும் கூடிய காலிப்பரைப் போட்டால் மாஸ்டர் சிலிண்டரால் அவ்வளவு ஆயிலைத் தள்ள முடியாமல் பெடல் ஆழமாகப் போகும். முன்னும் பின்னும் இருந்த சமநிலையும் கெடும். விற்பவரிடம் பிஸ்டன் விட்டத்தைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

இப்போது ரூபாயையும் கிராமையும் ஒரே தட்டில் வைப்போம். அலுமினிய நடுப்பகுதியும் இரும்பு வளையமும் தனித்தனியாக உள்ள இரண்டு துண்டு டிஸ்க், 330 மி.மீ. அளவில், முழு வார்ப்பு டிஸ்க்கைவிட ஒன்றரைக் கிலோ குறையும். இதில் குறைவது வெப்பம் வாங்காத நடுப்பகுதி. உண்மையான லாபம் என்று நான் ஒப்புக்கொள்ளும் எடைக்குறைப்பு இது. இரண்டு பக்கத்துக்கு மூன்று கிலோ, கூடுதல் விலை அறுபதாயிரம் என்றால், கிலோவுக்கு இருபதாயிரம் ரூபாய். நான்கு பிஸ்டன் காலிப்பரோடு முழு செட் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே நம்பகமாகக் கிடைப்பது அரிது. அளவு பெரிதாவதையும் காலிப்பர் இலகுவாவதையும் கழித்துக் கூட்டிப் பார்த்தால் மொத்த எடை கம்பெனி பிரேக்கோடு ஏறக்குறைய சமமாக நிற்கும். எடை கூடாமல் பாத்திரம் பெரிதானதற்குத்தான் அந்த ஒன்றரை லட்சம். அதே நேரத்தில், சக்கரத்துக்கு இரண்டு கிலோ குறைந்த நல்ல அலாய் நான்கு எண்பதாயிரத்துக்கு வாங்கினால் எட்டு கிலோ போகும், கிலோவுக்குப் பத்தாயிரம். டிக்கியில் கிடக்கும் வேண்டாத சாமானை இறக்கி வைத்தால் பத்து கிலோ போகும், செலவே இல்லை. 45 லிட்டர் பெட்ரோல் மட்டும் 33 கிலோ என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓட்டை போட்ட டிஸ்க்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓட்டை போனால் இரும்பு போனது, பாத்திரம் சிறுத்தது. மலையில் சூடேறி ஆறும்போது ஓட்டையிலிருந்து ஓட்டைக்கு மயிரிழை விரிசல் ஓடும். பள்ளம் வெட்டியது பரவாயில்லை, பேடின் முகத்தைச் சுத்தமாக வைத்திருக்கும், பேடு கொஞ்சம் சீக்கிரம் தேயும். கார்பன் செராமிக் 2001-இன் போர்ஷே 911 ஜிடி2-விலேயே வந்துவிட்டது. அதே அளவு இரும்பில் பாதி எடைதான். ஒரு செட் விலையில் இங்கே ஒரு நல்ல ஹேட்ச்பேக் காரே வாங்கலாம் என்பதால் அதற்கு மேல் இங்கே பேச்சில்லை.

பின் டிரம்மைக் கழற்றி டிஸ்க் போடலாமா என்று என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். 2022-இல் வந்த ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் 1.5 டர்போவில் 150 குதிரைத்திறன் இருக்க, பின்னால் டிரம்மா என்ற கோபம் நியாயமானது. ஹூண்டாய் ஐ20 என் லைனில் நான்கும் டிஸ்க். ஆனால் பின் சக்கரத்துக்கு வருவது கால் பங்கு வேலை. காலிப்பர், ஹேண்ட் பிரேக் கேபிள், தாங்கி என்று அரை லட்சத்துக்கு மேல் செலவழித்து, ஏபிஎஸ் எந்தப் பின் பிரேக்குக்காக அளவிடப்பட்டதோ அதை மாற்றிவிடுகிறோம். ஈரச் சாலையில் பின்பக்கம் முந்திக்கொண்டு பூட்டினால் கார் சுழலும். வேண்டாம் என்பதே என் பதில். டிரம்மைக் கழற்றித் தூசி தட்டி, லைனிங்கைச் சரியான இடைவெளிக்கு அட்ஜஸ்ட் செய்யுங்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வாகனத்தின் விவரங்களைத் தயாரிப்பாளர் வகுத்ததற்கு மாறாகத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே அளவுப் பேடு, டிஸ்க், ஆயில் மாற்றுவது பராமரிப்பு. காலிப்பரையே மாற்றுவதாக இருந்தால் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டு, பதிலைப் பில்லோடு சேர்த்து வையுங்கள்.

யாருக்கு எது

சமவெளியில் மட்டும் ஓட்டுபவர் ஆயில், நல்ல டயர், உள்நாட்டு நல்ல பேடோடு நிறுத்திக்கொள்ளலாம். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கோ போடிமெட்டுக்கோ அடிக்கடி போகிறவர் அதோடு டாட் 5.1 ஆயிலும் சூடு தாங்கும் பேடும் சேர்த்து, டிஸ்க் குறைந்தபட்சத் தடிமனுக்கு வரும் முன்பே மாற்றிவிட வேண்டும். அந்தத் தடிமன் டிஸ்க்கின் ஓரத்திலேயே பொறித்திருக்கும், வெர்னியரில் அளந்து பாருங்கள். ஸ்டீரிங் ஆடுகிறது என்று ஒவ்வொரு தடவையும் லேத்தில் கொடுத்துச் சீவுவதும் இரும்பைத் தின்கிறது. முதலில் ஹப் முகத்தில் ஏறிய துருவைக் கம்பித் தூரிகையால் தேயுங்கள், பாதி ஆட்டம் அங்கேயே தீரும்.

கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டப் போகிறவர்களுக்கு நிலைமை முழுக்க வேறு. 2.1 கி.மீ. தடம், டிஸ்க் ஆற நேரமே கொடுக்காத தடம். அங்கே பெரிய டிஸ்க்குக்கு நியாயம் இருக்கிறது. ஆனாலும் அதற்கு முன் முன்பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுவுக்குக் காற்றுக் குழாய் இழுத்துப் பாருங்கள். ஒரு கிலோ எடை, சில ஆயிரம் ரூபாய். ஊருக்குத் திரும்பும் முன் குழாயின் வாயை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் நம் செம்மண் சேறு அதன் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகும்.

எதைப் போட்டாலும் பழக்க வேண்டும். புதுப் பேடு, புது டிஸ்க் போட்ட மறுநாள் விடியற்காலையில், போக்குவரத்து இல்லாத நேரான சாலைக்குப் போங்கள். 60 கி.மீ. வேகத்திலிருந்து 10-க்கு நிதானமான அழுத்தத்தில் இறக்குங்கள், முழுசாக நிற்காதீர்கள். நடுவில் அரை நிமிடம் ஓட விட்டு, எட்டு பத்து தடவை இப்படிச் செய்யுங்கள். கடைசியில் பிரேக் தொடாமல் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி ஆற்றுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நின்றால் பேடின் அச்சு டிஸ்க்கில் ஒட்டி, அடுத்த மாதம் ஸ்டீரிங் ஆடும்.

வீட்டுக்கு வந்து கார் நன்றாக ஆறிய பிறகு, சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சில் மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். ஒரு வெள்ளைத் துணியால் ஹோஸ் காலிப்பரில் சேரும் போல்ட்டைச் சுற்றியும், ஏர் எடுத்த நிப்பிளைச் சுற்றியும் துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரம் பட்டால் அன்றைக்கு அந்தக் காரை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.